சரஸ்வதிக்கு வந்த மூக்கு

அவளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பெருந்தன்மைக்காரி என்று நினைத்து ஏமாறக் கூடாது. அவள் என் தகப்பனின், அதாவது ஐயாவின், தம்பி மகள். முறைக்கு எனக்குத் தங்கை. ஒரே வகுப்பு. என்னைவிட நாலைந்து மாதம் இளையவள், ஆனாலும் ஒருநாளும் வாய் திறந்து அக்கா என்றதில்லை. நான் முன்னால் நின்றாலும் பக்கத்தில் இருக்கிறவளிடம், "உவளைக் கேளுங்கோ," என்பாள்.

எங்கள் வளவுக்கும் அவள் தகப்பன் சின்னையாவின் வளவுக்கும் நடுவில் ஒரு வேலிதான். ஒருமுறை வேலி அடைக்கிற சாட்டில் சின்னையா கதியால் கம்புகளை எங்கள் பக்கம் தள்ளி நட்டார். ஐயா அத்தனையையும் பிடுங்கி அவர் முற்றத்தில் எறிந்தார். அன்றோடு பேச்சு நின்றது. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தும் நின்றது. பெரியவர்கள் பேசாமல் இருந்தார்கள். அந்தக் குறையைத் தீர்க்க நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாமல் சண்டை பிடித்தோம்.

முப்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் ஊர்ச் சைவப் பெண் பாடசாலையின் சித்திர ரீச்சருக்கு ஓர் ஆசை வந்தது. நவராத்திரிக்கு மண்டபத்தின் பின்சுவர் முழுக்கச் சரஸ்வதி. பெரிய வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து கீறவேண்டும். எங்கள் ஊரில் படத்தை வரைகிறது என்று சொல்வதில்லை, கீறுகிறது என்றுதான் சொல்வோம். எங்கள் விஷயத்தில் அது சரியான சொல்லாகவே இருந்தது.

ரீச்சர் காவி தோய்த்த நூலைச் சுவரில் அடித்து மேலிருந்து கீழே ஒரு நடுக்கோடு போட்டார். இடப்பக்கம் அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும். வலப்பக்கம் எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும். அன்னம் அவளுக்கு, மயில் எனக்கு. பிசினைக் கரைத்துக் காவியும் மஞ்சளும் நீலமும் சேர்த்துக்கொண்டோம். ரீச்சர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அவளுடைய அன்னத்தின் செட்டை கோட்டைத் தாண்டி வந்துவிடும். நான் விடுவேனா? ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் என் மயிலின் கழுத்தை வளைத்து நுழைப்பேன். மறுநாள் வந்து பார்த்தால் கழுத்துக்கு மேல் வெள்ளை பூசியிருக்கும்.

"தகப்பனைப் போலைதான் மகளும். எல்லை தள்ளுற பரம்பரை," என்றேன்.

"உவளின்ரை தகப்பன் பிடுங்கி எறிஞ்ச கதியாலை நாங்கள் அடுப்பிலை வைச்சிட்டம்," என்றாள் அவள், சுவரைப் பார்த்து.

மற்ற நாலு பிள்ளைகளும் பாவங்கள். எங்களுக்கு நடுவில் வீணையைக் கீறிக்கொண்டு வாய் மூடி இருந்தார்கள்.

கடைசியில் முகம் மிஞ்சியது. நடுக்கோடு சரியாக மூக்கின் வழியே போனது. ஆளுக்குப் பாதி என்றால் தேவியின் முகம் எப்படி வரும் என்று ரீச்சருக்கே பயம் வந்திருக்கவேண்டும். இரண்டு பேரையும் சிலேட்டில் ஒரு முகம் கீறிக் காட்டச் சொன்னார். எனக்கு அந்த முகம் வேண்டும். தை பிறந்தால் என் படிப்பு நிற்கும் என்று ஐயா சொல்லியாகிவிட்டது. பிறகு சமையலும் கலியாணமும்தான். போகும்போது அந்தச் சுவரில் நான் கீறிய முகம் இருக்கவேண்டும் என்று, பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கிறதாகவும் வேண்டியிருந்தேன்.

ரீச்சர் இரண்டு சிலேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே மூக்கையெல்லே கீறியிருக்கிறியள்," என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு என் சிலேட்டை எடுத்து, "கண் உன்ரைதான் வடிவு. நாளைக்குக் காலமை நீ முகத்தைக் கீறு," என்றார்.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் இறங்கியிருக்காது என்ற நினைப்பே வயிற்றை நிரப்பியது.

காலையில் மர வாங்கின் மேல் ஏறி நின்றேன். தூரிகையைக் காவியில் தோய்த்துக் கையைத் தூக்கினேன்.

"நில்லு! உவள் தொடக்கூடாது, ரீச்சர். உவளுக்குத் துடக்கு!" என்று பின்னாலிருந்து அவள் கத்தினாள்.

கை அப்படியே நின்றது. "ஆருக்கடி துடக்கு? எங்கடை வீட்டிலை ஆர் செத்தது?"

"பெரியையா மலாயாவிலை மோசம் போயிட்டார். வெள்ளிக்கிழமை தந்தி வந்தது."

பெரியையா ஐயாவின் மூத்த அண்ணன். மலாயாவில் ரயில்வேயில் வேலை. தந்தி சின்னையாவின் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வாங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். செத்த வீட்டுத் துடக்கோடு, அந்தத் தீட்டோடு, சாமியைத் தொட யாரும் துணியமாட்டார்கள், அந்தக் காலத்தில் அது நெருப்போடு விளையாடுவது மாதிரி. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

ரீச்சர் அவளுக்குப் பக்கத்தில் போனார். சத்தம் போடவில்லை. "உவளுக்குப் பெரியையா எண்டால் உனக்கு ஆர், பிள்ளை?"

அவள் கையிலும் தூரிகை இருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தக் கையால்தான் தேவியின் காலடியில் அன்னத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கும் அவைக்கும் ஒரு சொந்தமும் இல்லை, ரீச்சர்."

"நான் அதைக் கேக்கேல்லை. செத்தவர் உன்ரை ஐயாவோடை கூடப்பிறந்தவரோ இல்லையோ?"

"ஓம்," என்றாள். பிறகு அழத் தொடங்கினாள். "பூசை முடியட்டும், அதுக்குப் பிறகு சொல்லுவம் எண்டு அம்மா சொன்னவ. நான் கீறவேணும் எண்டு அழுதனான்."

இரண்டு பேரையும் மண்டபத்துக்கு வெளியே அனுப்பினார்கள். எப்போதும் ஆளுக்கொரு வழியால் வீட்டுக்குப் போகிறவர்கள் முதன்முறையாக ஒரே ஒழுங்கைப் பாதையில் ஒன்றாக நடந்தோம். அவள் மூக்கை உறிஞ்சுவதைக் கேட்கவே எனக்கு ஆத்திரமாக இருந்தது. பெரியையாவுக்காக அழவேண்டியவள் நான், எனக்கு அழுகை வரவில்லை. முகம் போய்விட்டதே என்றுதான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

ஐயாவிடம் சொன்னேன். எழுந்து வேலியடிக்குப் போனார். "டேய், அண்ணை செத்ததை எனக்கு ஒளிச்சனியோடா!" என்று கத்தினார். ஆண்டுக்கணக்கான மௌனத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. அந்தியேட்டிச் சடங்கைக்கூட இரண்டு வீட்டிலும் தனித்தனியாகத்தான் செய்தார்கள்.

பூசையை முகமில்லாத சரஸ்வதிக்கு முன்னால்தான் செய்தார்களாம். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெரிய செவ்வரத்தம்பூ மாலையைத் தொங்கவிட்டார்களாம். துடக்குக் கழிந்த பிறகு அவள் பள்ளிக்கூடம் போனாள். என்னை ஐயா விடவில்லை. தைக்கு இன்னும் எவ்வளவு காலம், இனி எதற்கு என்றார்.

பள்ளிக்கூட வரவு இடாப்பில் என் பெயரை வெட்டுவதற்காக ஐயாவோடு ஒருநாள் போனேன். தலைமை ஆசிரியை உள்ளே வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்ததால் மண்டபத்தில் இருக்கச் சொன்னார்கள். சுவரைப் பார்த்தேன். முகம் இருந்தது. அவள்தான் கீறியிருந்தாள். கண் என்னுடைய கண் அளவுக்கு வரவில்லை, இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். மயிலின் கழுத்தைத் தொடாமல் விட்டிருந்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அழித்திருந்தால் அழித்துவிட்டாள் என்று திட்டவாவது முடிந்திருக்கும்.

ஐயா சுவருக்குக் கிட்டப் போனார். சால்வையை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்தார். "அண்ணையின்ரை மூக்கு," என்றார்.

உண்மைதான். நடுவில் கொஞ்சம் மேடாகி, நுனியில் கீழே வளைகிற மூக்கு. பெரியையாவுக்கும், ஐயாவுக்கும், சின்னையாவுக்கும், அவளுக்கும், எனக்கும் உள்ள மூக்கு. சொந்தமே இல்லை என்று சபையில் சொன்னவளுக்கு வேறு மூக்குக் கீறத் தெரியவில்லை. நான் கீறியிருந்தாலும் அதே மூக்குத்தான் வந்திருக்கும்.

அண்ணன் செத்த செய்திக்கு அழாத ஐயா, அந்தச் சுவருக்கு முன்னால் நின்று விம்மி விம்மி அழுதார். அவர் அழுதது அவள் கீறிய முகத்தைப் பார்த்து. என்னுடையதைப் பார்த்து அல்ல. அதைத்தான் நான் அவளுக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை.