நாலாவது பாட்டு முடிந்த பிறகு

எனக்கு எண்பத்து நாலு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஆறு நான் பெற்றது, ஒன்று என் தங்கச்சி பெற்றது. எழுத்து அதிகம் வராது, ஆனால் எந்தக் கடுதாசியிலும் கைநாட்டு வைத்தவள் இல்லை, என் பேரை நானே எழுதுவேன். இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

பேய் பிசாசு என்றால் எனக்குச் சிரிப்புத்தான். கொஸ்லந்தைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் விடியுமுன்னே தனியாக மலை ஊற்றுப் பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்தவள் நான். நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

தங்கச்சி மரகதம் கொழுந்து பறித்துக்கொண்டே பாடுவாள். தோட்டத்துத் திருவிழாவில் அவள் பாடியதைக் கேட்ட கொழும்புக்காரர் ஒருவர் இசைத்தட்டுப் போட அழைத்தார். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். புருஷன்காரன் இந்தியாவுக்குப் போனவன் திரும்பவில்லை, அதனால் துணைக்கு நான் போனேன். சுவரெல்லாம் கம்பளி அடித்த அறை. சிவப்பு விளக்கு எரிந்தால் இருமக்கூடாது. நாலு பாட்டுப் பாடினாள். முடிந்ததும் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பாட்டு மட்டும்தான் இருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் சீண்டினேன். "நீ ஊர் ஊராப் போய்ப் பாடு. புள்ளைய எங்கிட்ட குடுத்துரு."

"குடுக்கிறேன், குடுக்கிறேன். ஆனா நான் ஒரு கொரல் குடுத்தா ஒன் இடுப்புல இருந்து எறங்கி ஓடியாந்துரும், பாரு அக்கா," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிரசவத்தில் அவள் போய்விட்டாள். பிள்ளை தங்கியது, பெண்பிள்ளை. முப்பதாம் நாள் நான்தான் பேர் வைத்தேன். எங்கள் தோட்டத்தில் யாருக்கும் இல்லாத பேர், அவள் போன பிறகு என் மனதில் வந்த பேர். மரகதம் அதைக் கேட்டதே இல்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பனி மூடின மலையில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் பதில் கொடுப்போம். அதற்குமுன் குரல் கொடுத்தால் கூப்பிட்டவர்கள் கொண்டுபோய்விடுவார்கள் என்பார்கள். ஆனால் பிள்ளைக்காம்பராவில் வேறு மாதிரி. வேலைக்குப் போகும் நாங்கள் பிள்ளைகளை அங்கே ஆயாவிடம் விட்டிருப்போம். சாயங்காலம் வேலியோரம் நின்று பேர் சொன்னால், குரல் கொடுக்கிற பிள்ளையை ஆயா இறக்கிவிடுவாள். இவளுக்கு ஒன்றரை வயது. என் குரல் கேட்டதும் "ஆ" என்று ஓடிவரப் பழகியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தட்டு வந்தது. பதுளையில் ரெக்கட் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், அவர் சொல்லி அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் வீட்டுக்காரரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு தட்டு, புத்தகம் மாதிரி திறக்கிற அட்டை, மேலே மூக்குத்தியோடு மரகதத்தின் படம். கடை வாசலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார், ரோட்டில் நல்ல கூட்டம்.

"முன்னுக்கு வாங்க தங்கச்சி. பாட்டுக்காரிட மகளுக்கு இடம் விடுங்க," என்றார் நானா.

மூன்று பாட்டும் நன்றாக ஓடின. எனக்கு அழுகை வந்தது, பெருமையாகவும் இருந்தது. நாலாவது பாட்டு முடிந்தது, ஆர்மோனியம் நின்றது, ஊசி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது மரகதம் பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பாட்டுக் குரல் இல்லை, காம்பரா வேலியோரம் நின்று கூப்பிடுகிற குரல்.

நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரர் கை என் தோளை இறுக்கியது. இரண்டாவது தடவையும் கூப்பிட்டாள். பிள்ளை என் தோளிலிருந்து தலையைத் தூக்கி, வாயைத் திறந்து, இடுப்பிலிருந்து நழுவப் பார்த்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா, அதன் வாயைப் பொத்திக்கொண்டு, மூன்றாவது தடவை அந்தப் பேரை நானே கூப்பிட்டேன். சத்தமாக, அதன் காதுக்குள். பிறகுதான் கையை எடுத்தேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்து "ஆ" என்றது.

தட்டில் யாரோ மூச்சை இழுத்துவிட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். நானா ஊசியைத் தூக்கினார். அதே தட்டை மறுபடி போட்டார், கடையில் இருந்த மற்றத் தட்டுகளையும் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் பாட்டு மட்டும்தான்.

அந்தத் தட்டை எனக்கே கொடுத்துவிட்டார். மரகதத்தின் சேலையில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பிறகு நான் போட்டுக் கேட்டதில்லை. பெற்றவள் பிள்ளையை ஒரு தடவை பார்க்கத்தான் கூப்பிட்டாளோ, நான் குறுக்கே விழுந்துவிட்டேனோ என்று சில நாள் தோன்றும். ஆனாலும் திரும்ப அந்த நாள் வந்தால் அதையேதான் செய்வேன்.

பிள்ளைக்கு இப்போது அறுபது ஆகப்போகிறது, பேரப்பிள்ளையும் எடுத்துவிட்டாள். இன்றைக்கும் காய் நறுக்கிக்கொண்டிருப்பவள் சட்டென்று நிமிர்ந்து, "அம்மா, கூப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

"ஆமாடி, நான்தான் கூப்பிட்டேன்," என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறகு யார் சொல்வார்கள் என்பதுதான் தெரியவில்லை. அதற்காகத்தான் உன்னை எழுதச் சொன்னேன்.

உன் அம்மா கடைக்குப் போய்விட்டாளா? சரி, முதலிலிருந்து படி. அவள் பேர் எங்கேயாவது வந்திருந்தால் வாய்விட்டுப் படிக்காதே, அடித்துவிடு.