இவர் தமிழில கோச் பண்ணின டீம்

ஈரச் சேறும் வேர்வையும் கலந்த ஒரு மணம்...

சனிக்கிழமை பின்னேரம் லண்டனில பார்க்கிங் எண்ட இடத்தில எங்கட பிளாட் கதவைத் திறந்தால் அதுதான் முதல் வரும். ஹீட்டர் முழுக்க ஜெர்சி காயும். சாமிப்படத்துக்குக் கீழ ஹெல்மெட் அடுக்கிக் கிடக்கும். "காலேஜில வைக்க இடமில்லையாம்" எண்டு இவர் தூக்கிக்கொண்டு வந்திடுவார். நான் இவரை ஏசி ஏசித்தான் எல்லாம் தோய்ப்பன்.

இவர் எண்டுறது என்ர மனுசன். போன மாசியில எங்களை விட்டுட்டு மோசம் போயிட்டார்.

நான் எட்டாம் வகுப்போட நிண்டனான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

இவர் அகதியா முதல் போனது ஜேர்மனிக்கு. அகதி முகாமுக்குப் பக்கத்தில ஒரு கிரவுண்டாம். அங்க அமெரிக்கன் புட்போல் விளையாடுவினம். ஒருநாள் ஆள் காணாதெண்டு இவரையும் கூப்பிட்டிருக்கினம். ஓட்டத்தில வலு கெட்டிக்காரன். முழங்கால் போகுமட்டும் விளையாடினார், பிறகு அங்கயே மற்றாக்களைப் பழக்கினார்.

பிறகு லண்டன், கலியாணம், வெயார்ஹவுஸ் வேலை. ஒருநாள் ஷிப்ட் முடிஞ்சு வரேக்க ஒரு காலேஜ் மைதானத்தில பெடியள் அதே பந்தோட தடுமாறிக்கொண்டு நிண்டாங்களாம். இவர் ரோட்டில நிண்டே கத்தியிருக்கிறார், தலையைக் குனிஞ்சு இடிக்காதேங்கோ, கழுத்து முறியும் எண்டு. அண்டைக்கே உள்ள கூப்பிட்டாங்கள்.

அந்தக் காலேஜுக்கு முதல் கோச் இவர்தான்.

வால்தம்ஸ்டோவில இருக்கிற என்ர அண்ணைக்கு ஒரே நக்கல்.

"மச்சான், பந்து முட்டை மாதிரிக் கிடக்கு. அதையும் கையில தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள். பிறகேன் புட்போல்?"

"உங்களுக்கு விளங்கினால் நீங்களெல்லோ கோச்" எண்டுவார் இவர்.

அந்த விளையாட்டில ஒவ்வொரு தரமும் பந்து துடங்க முன்னம் கோச் வெளியில நிண்டு சொல்லவேணும்... எந்தப் பக்கத்தால ஓடுறது, இல்லாட்டி எறியிறதோ எண்டு. இங்கிலீஷில கத்தினால் எதிர்ப்பக்கத்துக்கும் விளங்கிடும். அதால இவர் பெடியளுக்குத் தமிழைப் பழக்கிப்போட்டார். வலப்பக்கம், இடப்பக்கம், நடுவால, தூர எறி...

எல்லா நாட்டுப் பெடியளும் இருந்தாங்கள். இவரை அண்ணை எண்டுதான் கூப்பிடுவாங்கள். வீட்டுக்கு வந்தால் "ஆன்ட்டி, நடுவால!" எண்டு கத்திக்கொண்டு நேர குசினிக்குள்ள நான் பொரிக்கிற ரோல்ஸுக்கு வருவாங்கள். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாது.

நல்லா வெண்டாங்கள். ஆனா இவரிட்ட கோச்சுக்குப் படிச்ச பேப்பர் இல்லை. காலேஜில கூப்பிட்டுச் சொல்லிப்போட்டினம்... இந்தக் கடைசி மட்ச் வெண்டு மேல் பிரிவுக்குப் போனால் நீங்களே இருங்கோ, இல்லையெண்டால் பேப்பர் உள்ள ஒராளை எடுக்கப்போறம் எண்டு. அந்தக் கிழமை இவர் வடிவாச் சாப்பிடேல்லை.

அண்டைக்கு நானும் போனன். மேற்கு லண்டன் பக்கத்துக் காலேஜ் ஒண்டோட மட்ச். குளிரெண்டால் அப்பிடி ஒரு குளிர்.

இவர் "இடப்பக்கம்!" எண்டு கத்த, அவங்கள் முழுப்பேரும் அந்தப் பக்கம் போய் மறிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள். "நடுவால!" எண்ட, நடுவில நிக்கிறாங்கள். எனக்கு விளையாட்டு விளங்காது... தமிழ் விளங்கும்தானே.

பாதியிலதான் இவருக்கும் பிடிபட்டது. பிறகு வாயை மூடிக்கொண்டு கையால காட்டிப் பாத்தார். எங்கட பெடியளுக்கு அது பழக்கமில்லை. ஒருத்தன் அங்கால ஓட, மற்றவன் இஞ்சால ஓட... தோத்துப்போனம்.

முடிய, அந்தப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன் ஹெல்மெட்டைக் கழட்டிக்கொண்டு வந்தான். எங்கட ஆக்களின்ர முகம்.

"சொறி அங்கிள்... மை அம்மாவும் உங்கள மாதிரித்தான் கத்துவா."

"அம்மா எந்த ஊர் தம்பி?"

"சாவகச்சேரி... ஐ திங்க்."

இவர் சிரிச்சார். உண்மையாவே சிரிச்சார். "நல்லா விளையாடினனீர். அம்மாவைக் கேட்டதாச் சொல்லும்" எண்டு தோளில தட்டி விட்டார்.

ட்ரெயினில ஜன்னலைப் பாத்துக்கொண்டிருந்து, "லண்டனில நிண்டுகொண்டு, தமிழ் ஒருத்தருக்கும் தெரியாதெண்டு நினைச்சன் பார்" எண்டார்.

மற்றக் கிழமை புது ஆள் வந்தார். அவரைக் கூடாத ஆள் எண்டு சொல்ல ஏலாது. உதவிக்கு வந்து நில்லுங்கோ எண்டு இவரைக் கேட்டவராம். இவர் போகேல்லை. ஹெல்மெட்டுகளைப் பெடியள் வந்து வேனில ஏத்திக்கொண்டு போனாங்கள். சனிக்கிழமையிலயும் ஷிப்ட் எடுக்கத் துடங்கினார். டிவியில அந்த விளையாட்டு வந்தால் சனலை மாத்திப்போடுவார்.

கடைசியில ஆஸ்பத்திரியில கிடக்கேக்க நித்திரையில கை ஆட்டுவார். ஆரை எந்தப் பக்கம் ஓடச் சொன்னாரோ... எனக்கு விளங்கேல்லை.

செத்தவீடு முடிஞ்சாப்பிறகு மகள் பழைய படம் ஏதும் கிடைக்குமோ எண்டு அந்த டீமின்ர பேஜை போனில தேடினாள். வாசிச்சுக்கொண்டு போனவள் டக்கெண்டு நிப்பாட்டிட்டாள்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லையம்மா."

நான் விடேல்லை. முதல் கோச் எண்டு இவருக்குப் பிறகு வந்த அந்தப் புது ஆளின்ர பேர்தான் போட்டிருக்காம். இவற்ற பேர் ஒரு இடத்திலயும் இல்லை. மகள் ஈமெயில் போட்டவள். பதில் வரேல்லை. அதுதான் இஞ்சயாவது எழுதுவம் எண்டு எழுதுறன்.

போன சனிக்கிழமை வீட்டில இருக்க ஏலாமல் பஸ் எடுத்து அந்தக் காலேஜ் மைதானத்துக்குப் போனன். அப்ப முழங்கால் அளவுக்குச் சேறு. இப்ப பச்சைப் பிளாஸ்டிக் புல்லு, பெரிய பெரிய லைட். ஒருத்தரும் கத்துறேல்லை, கலர்ப் படம் போட்ட போர்டைத் தூக்கிக் காட்டுறாங்கள், பெடியள் பாத்துட்டு ஓடுறாங்கள். நல்லாத்தான் ஓடுறாங்கள்.

கேற்றடியில நிண்ட என்னட்ட ஒரு பிள்ளை வந்து, ஆருக்காகவும் காத்துக்கொண்டு நிக்கிறீங்களோ எண்டு இங்கிலீஷில தன்மையாக் கேட்டாள்.

ஓம் எண்டுதான் வாயில வந்தது...

நோ எண்டு சொல்லிப்போட்டு பஸ்சுக்கு வந்திட்டன்.