பேர் தேய்ந்த துப்பாக்கி

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; அதைக் கண்டுபிடித்த பெருமை உங்களுக்கு வேண்டாம். கல்யாணமான புதிதில், தளிப் பக்கம் மாமனார் வீட்டு விருந்துக்குப் போன இடத்தில், அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ரிஜெக்ட்" என்று சொன்னவன் நான். ஓசூரில் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களைச் சோதித்து அனுப்புகிற வேலை எனக்கு. தேய்ந்ததெல்லாம் என் கண்ணுக்குக் கழிவுதான். துப்பாக்கிக் கட்டையில் கன்னம் படுகிற இடம் வழவழவென்று குழிந்து கிடந்தது. மாமனார் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்கப்பன் கன்னம் பாதி, என் கன்னம் பாதி தேச்சது மாப்ளே. உங்க கம்பெனியில இந்த அளவு கெடைக்காது" என்றார். அடுப்படியில் மாமியார் சிரித்தது கூடம்வரை கேட்டது.

அந்தத் துப்பாக்கி எதையும் கொன்று நான் பார்த்ததில்லை. ராகிக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினால் மாமனார் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். பன்றிகள் மரியாதையாகப் பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பழைய வேட்டியில் சுற்றி, பிள்ளையை விடுதியில் சேர்ப்பவர்போலக் கொண்டுபோவார். யார் ஜெயிப்பார்கள் என்பதல்ல, எப்போது முடியும் என்பதுதான் அவர் கவலை.

வயதாகி அவருக்குக் கண் மங்கியபோது என் மூளை மறுபடி வேலை செய்தது. பழைய சீமைத் துப்பாக்கிக்குப் பெங்களூரில் நல்ல விலை கிடைக்கும் என்று கம்பெனியில் ஒருவர் காதில் ஓதியிருந்தார். விற்றுவிட்டுக் கொல்லையைச் சுற்றி சோலார் வேலி போடலாம் என்றேன். மாமனார் துப்பாக்கியை எடுத்துத் துண்டால் துடைத்துக்கொண்டே, "பாக்கலாம்" என்றார். அவருக்கு ஒரே பிள்ளையான என் மனைவி அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை.

அவருடைய லைசென்ஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். தோசை தின்னக்கூட கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்வருகிற நாங்கள், துப்பாக்கிக்காக எல்லைக்கு இந்தப் பக்கமே ஜூஜுவாடியில் வண்டியை நிறுத்தினோம். வாங்குகிறவர் எல்லை தாண்டி வந்தார். தெரிந்தவரின் லாரி ஷெட்டில் வைத்து, மாமனாரோடு தெலுங்கில் பேசிக்கொண்டே குழலுக்குள் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்த கம்பெனியின் பேரைத் தேடினார். இல்லை. பேர் பொறித்திருந்த இடமும், நடக்கும்போது கை பிடிக்கிற இடமும் ஒன்று. அப்பனும் மகனுமாகப் பிடித்துப் பிடித்து எழுத்து மொத்தமும் போயிருந்தது. "பேரே இல்லாம என்னன்னு சொல்லி விக்கறது?" என்று எனக்காகத் தமிழில் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

மாமனார் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள முயன்றார், முடியவில்லை. திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். "பேரு இருந்திருந்தா வித்துப் போட்டிருப்பீங்க இல்ல?" என்றார். விலை போகாத பொருளை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோவதில் ஒரு மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் துப்பாக்கியை நான்தான் தூக்கிப்போனேன். மனைவி பேச ஆரம்பித்தாள்.

அதன்மேல் எனக்கு ஆசை அப்படித்தான் வந்தது. லைசென்ஸை அடுத்து யார் பேருக்கு மாற்றுவது என்ற பேச்சு எழுந்தபோது, மாப்பிள்ளைக்குத்தான் என்று நானே முடிவுசெய்து, கண்ணாடி முன் நின்று மீசையைக்கூட முறுக்கிப் பார்த்தேன். மாமனார் தன் மகள் பேரைச் சொன்னார். யாரும் ஆச்சரியப்படவில்லை, என்னைத் தவிர.

இப்போது அவர் இல்லை. போன தேர்தலுக்கு மனைவிதான் அதே வேட்டியில் சுற்றிக் காவல் நிலையத்துக்கு எடுத்துப்போனாள். துணைக்குப் போன என்னிடம் காவலர் லைசென்ஸுக்காகக் கை நீட்ட, நான் அவளைக் காட்டினேன். தேர்தல் முடிந்து வாங்கப் போனபோது அவள் கட்டையின் குழிவை விரலால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வெயில். வண்டி நாலு எட்டுத் தூரத்தில் நின்றது. மாமனார் நடந்த மாதிரி ஒரே ஒரு முறை, வண்டிவரைக்கும் மட்டும், நான் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"கார் கதவத் தொறங்க" என்றாள்.