கம்மியாகச் சம்பளம் சொன்ன மாப்பிள்ளை

போன வாரம் அடையாறில் ஒரு மருந்துக் கடைக்குப் போய் இருமல் மிட்டாய் வாங்கினேன். எனக்கு இருமல் இல்லை. சளி, தொண்டைக் கரகரப்பு எதுவும் இல்லை. சந்தேகம் மட்டும்தான் இருந்தது.

விஷயம் இதுதான். மந்தைவெளியில் இருக்கும் என் தங்கை வசந்தாவின் பெண் நித்யாவுக்கு வரன் பார்க்கிறார்கள். நித்யா தி.நகரில் ஒரு நகைக்கடையில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். வரும் வரன்களை விசாரிக்கிற வேலை, தாய்மாமன் என்ற முறையில் எனக்கு. பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி நான். பால் பாக்கெட்டில் தேதி சரியாக இருந்தாலும் முகர்ந்து பார்க்கிற ஆள். வேறு யாரிடம் இந்த வேலையைக் கொடுப்பார்கள்?

மாப்பிள்ளை வீட்டில் சொல்கிற சம்பளத்தில் கால் பங்கைக் கழித்துக்கொள்வது எங்கள் குடும்ப வழக்கம். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் பாதி. உங்கள் வீட்டில் எவ்வளவு கழிப்பீர்கள்? கழிக்கவே மாட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்... நம்ப மாட்டேன்.

இந்த முறை கணக்கு உதைத்தது. மாப்பிள்ளை பெயர் சரவணன். கோட்டூர்புரத்தில் வீடு. பி.ஃபார்ம் படித்துவிட்டு, எட்டு வருடமாக ஃபார்மசிஸ்ட். அவர் சொன்ன சம்பளத்தைக் கேட்டு வசந்தா எனக்கு உடனே போன் செய்தாள்.

"அண்ணா, கம்மியா சொல்றாங்க!"

"எவ்ளோ கம்மி?"

சொன்னாள். இங்கே எழுத மாட்டேன். அந்த மனிதர் நம்பிச் சொன்னது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் வாங்குகிற சம்பளம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"எட்டு வருஷ சர்வீஸுக்கு இதுவா? கூட்டிச் சொல்றவனை நம்பலாம் அண்ணா, அது மனுஷ இயல்பு. கொறச்சு சொல்றான்னா என்னவோ இருக்கு. குடியா? கடனா? கடைக்குக் கடை வேலையை விட்டுத் தூக்கறாங்களா? நீ போய்ப் பாரு."

போனேன். அப்படித்தான் அந்த இருமல் மிட்டாய்.

மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு டூத் பேஸ்ட் அடுக்கிய பக்கமாக ஒதுங்கி நின்று பார்த்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட சரவணன் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "புரோட்டீன் பவுடர் எதுக்கும்மா? டாக்டர் எழுதலையே. ஊட்ல முட்டை கீதா? தெனம் ஒண்ணு குடுங்க, போதும்." அந்த அம்மா பெரிய டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். கல்லாவில் இருந்தவர் சரவணனை ஒரு முறை முறைத்தார்.

எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. விற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு வாங்காதே என்கிறானே... இவன் எதை நம்பிப் பிழைக்கிறான்?

மயிலாப்பூர் கடைத்தெருவில் ரொம்ப காலமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் இஸ்மாயில் பாய் எனக்குப் பழக்கம். அவரிடம் போய், தெரிந்தவருக்காகக் கேட்பது மாதிரி கேட்டேன். பாய் சிரித்தார்.

"இதுல டவுட்டு இன்னா சார்? கடை லைன்ல சம்பளம் அப்படித்தான். சேரும்போது ஒண்ணு குடுப்பாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அதுமேலயே கொஞ்சூண்டு தூவிக் குடுப்பாங்க. அவ்ளோதான்."

"அனுபவத்துக்கு மதிப்பு இல்லையா பாய்?"

"மதிப்பு கீது, காசு இல்ல. கடைக்கு ஒரு ஃபார்மசிஸ்ட் வேணும்னு சட்டம் சொல்லுது. அனுபவசாலியா வேணும்னு சொல்லுதா? வருஷா வருஷம் காலேஜ்லேர்ந்து புதுசா வந்துகினே கீறாங்க. பழைய ஆளுக்கு ஏத்திக் குடுக்க எந்த ஓனர் ஒத்துப்பான்? நானே ஒத்துக்க மாட்டேன்!"

இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரி, மருந்து கம்பெனி, அரசாங்க வேலை... அங்கே நுழைந்தவர்களுக்குச் சம்பளம் படிப்படியாக ஏறும் என்றார் பாய். நுழைவதற்குப் பரீட்சை எழுதிக்கொண்டே நரைத்தவர்களையும் அவருக்குத் தெரியும். அதே படிப்பைப் படித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டாக்டர் வாசலில் காத்திருக்கும் மெடிக்கல் ரெப் இவர்களைவிட நன்றாகச் சம்பாதிப்பாராம். மருந்தைப் பற்றிப் பேசுகிறவருக்கு ஒரு சம்பளம், சரியான மருந்தா என்று பார்த்து எடுத்துக் கொடுக்கிறவருக்கு ஒரு சம்பளம்!

"அப்போ குடும்பம் எப்படி ஓடும் பாய்?"

பாய் குரலைத் தாழ்த்தினார். "சில பேரு பேரை வாடகைக்கு வுடுவாங்க. ஃபார்மசிஸ்ட் இல்லாத கடைக்கு இவன் சர்ட்டிஃபிகேட்டை குடுத்துருவான். அவங்க ஃபிரேம் போட்டு செவுத்துல மாட்டிக்குவாங்க. மாசாமாசம் பணம் வந்துரும். இவன் அந்தப் பக்கமே போக வேணாம்."

அடடா! எனக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. இங்கே ஒரு சம்பளம், எங்கேயோ ஒரு வாடகை. பெண் வீட்டாரிடம் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கிறான். கள்ளன் பிடிபட்டான் என்று பஸ் ஏறி மறுபடியும் அடையாறு போனேன்.

உள்ளே நுழைந்ததும் சரவணன் கேட்டார்: "இருமல் போயிடுச்சா சார்?"

"கொஞ்சம்... பரவாயில்லை."

"நீங்க நித்யாவோட மாமாதானே? அன்னிக்கே தெரிஞ்சுது. பத்திரிகையில எழுதற மாமான்னு உங்க வீட்ல சொன்னாங்க, வாரா வாரம் உங்க போட்டோவும் போடறாங்களே சார். எங்கம்மா உங்களைப் படிச்சுட்டுத்தான் மத்த பக்கத்துக்குப் போவாங்க."

ஒற்று வேலைக்குப் போகிறவன் வாராவாரம் முகத்தை அச்சடித்துக் கொடுக்கக் கூடாது. இவ்வளவு சந்தேகப்படுகிற எனக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை பாருங்கள்.

பக்கத்துக் கடையில் டீ குடித்தோம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். "உங்க சர்ட்டிஃபிகேட் வேற எங்கேயாவது தொங்குதா?"

டம்ளரை வைத்துவிட்டார். நான் நினைத்தது சரி என்றுதான் அந்த விநாடி தோன்றியது.

"தொங்கிச்சு சார். முன்னாடி ஆஸ்பத்திரி வேலை ஒண்ணு போனப்போ, தாம்பரம் தாண்டி ஒரு கடைக்குக் குடுத்தேன். அப்புறம் இன்னொரு ஆஸ்பத்திரியில வேலை கெடச்சுது. ஆனா அதைத் திருப்பி வாங்கலை. ரெண்டு பக்கமும் பணம் வந்துகினு இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அந்தக் கடையில நின்னவனுக்கு மருந்தே தெரியாது. ஒரு ஆயாவுக்கு சுகர் மாத்திரையை பவர் மாத்திக் குடுத்துட்டான். மயங்கி விழுந்துட்டாங்க. அவங்க பையன் செவுத்துல இருந்த என் பேரைப் பார்த்துட்டு, என்னைத் தேடிக்கினு கோட்டூர்புரத்துக்கே வந்துட்டார். அடிப்பார்னு நெனச்சேன். அடிக்கலை. 'வந்து எங்கம்மாவைப் பாரு'ன்னார். போனேன் சார். பொழைச்சுட்டாங்க. கண்ணு முழிச்சு என்னைப் பார்த்து, 'நீ யாருப்பா?'ன்னு கேட்டாங்க..."

 

மறுநாளே சர்ட்டிஃபிகேட்டைத் திருப்பி வாங்கிவிட்டாராம். மருந்து வாங்குகிறவர் முகத்தை நேரில் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி வேலையையும் விட்டுவிட்டு, தன் பெயர் மாட்டிய இந்தக் கடையில் தானே நிற்கிறார். டப்பா விற்றால் கிடைக்கிற கமிஷனையும் வேண்டாம் என்றுவிட்டார். "எல்லாருக்கும் எட்டு வருஷத்துல சம்பளம் ஏறும். எனக்கு எறங்கிடுச்சு. அதைத்தான் சொன்னேன் சார். காரணத்தை நீங்களே வீட்ல சொல்லிடுங்க. மறைச்சுக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல."

சம்பளத்தைக் குறைத்துச் சொன்ன ஒரே மாப்பிள்ளையைத் திருடன் என்று முடிவு கட்டி பஸ் பிடித்து வந்தவன் நான். வெட்கமாக இருந்தது. இந்தப் பையனை நித்யாவுக்குப் பேசி முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு மந்தைவெளிக்குப் போனேன்.

வசந்தாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். நித்யாவும் ஹாலில்தான் இருந்தாள். நான் பயந்தது ஒன்றுக்காகத்தான். இப்படிப்பட்ட தப்புச் செய்தவனா மாப்பிள்ளை என்று வசந்தா குதிப்பாள் என்று.

அவள் குதிக்கவில்லை. யோசித்தாள்.

"அப்போ அந்த வாடகையும் சேர்ந்தா நல்ல சம்பளம்தானே அண்ணா? ஏன் திருப்பி வாங்கினாராம்? ஒழுங்கான ஆள் நிக்கற கடையாப் பார்த்து மறுபடியும் குடுக்கச் சொல்லேன்."

"அம்மா!" என்றாள் நித்யா.

"நீ சும்மா இரு. ஊர்ல யாரு செய்யலை?"

நான் மாட்டேன் என்றேன். அதற்காக வசந்தா விட்டுவிடுவாளா? அன்று சாயங்காலமே சரவணனின் அம்மாவுக்குப் போன் செய்து, நாசூக்காக, சர்ட்டிஃபிகேட்டை மறுபடியும் வாடகைக்குக் கொடுத்தால் கல்யாணச் செலவுக்கும் உதவுமே என்று சொல்லியே விட்டாள்.

அடுத்த நாள் காலையில் அந்த அம்மாவிடமிருந்து பதில் வந்தது. ஜாதகம் சரியாக இல்லையாம். பொருத்தமெல்லாம் பார்த்துத் திருப்தி என்று சொல்லியனுப்பியவர்களே அவர்கள்தான்! வசந்தா இப்போது வேறு திசையில் சந்தேகப்பட ஆரம்பித்திருக்கிறாள். வேறு பெண் பார்த்துவிட்டார்களா? சொந்தத்தில் யாராவது நம்மைப் பற்றி வத்தி வைத்தார்களா? காரணம் எனக்குத் தெரியும். அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதத்தான் வருகிறது.

நேற்று நித்யா போன் செய்தாள்.

"மாமா, அந்த அடையாறு மெடிக்கல் ஷாப் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

சொன்னேன். உடம்புக்கு என்னம்மா என்று பதறிக் கேட்டேன். லேசாக இருமல் என்றாள்.

போனில் பத்து நிமிஷம் பேசினோம். ஒரு தடவைகூட அவள் இருமவில்லை.