முதல் பரிசும் மாடி வீடும்

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தவை:

1. எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்திய புதிர் நடையில் எங்கள் அணிக்கு முதல் பரிசு கிடைத்தது.
2. யாராலும் முடியாத ஒரு புதிரை நான் விடுவித்தேன்.
3. எனக்கும் அம்மாவுக்கும் கிடைக்கவிருந்த வீடு கிடைக்காமல் போயிற்று.

இரண்டாவதால்தான் மூன்றாவது நடந்தது என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

புதிர் நடை என்றால் வழிகாட்டி யாரும் கூட வர மாட்டார்கள். கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் உள்ள புதிரை விடுவித்தால் ஓர் இடம் தெரியும். அங்கே போய் விடையை எழுதிக்கொண்டு அடுத்த புதிருக்குப் போக வேண்டும். அல்சூர் ஏரிக்கரையில் தொடங்கி காக்ஸ் டவுனில் முடிய வேண்டும். எங்கள் அணியில் மூன்று பேர். நான், பக்கத்து இருக்கைத் தோழி, மைசூரிலிருந்து வந்த ஒரு சக ஊழியர்.

தோழியின் வீடு காக்ஸ் டவுனில். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம். தாத்தா மைசூர் சர்க்காரில் வேலை பார்த்தவர். மர்பி டவுனில் நானும் அம்மாவும் இருந்த வீட்டை உரிமையாளர் இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். அந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அதைக் கேட்டதும் தோழிதான், "எங்க மாடி சும்மாதானே கிடக்கு, நீயும் உங்கம்மாவும் வந்துடுங்க" என்றாள். அவள் அம்மாவும் போனில் பேசி, ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்ததும் வந்து சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

முதல் புதிர்: 'கன்னடக்காரர் இதைச் சொன்னால் செய்ய வேண்டும், தமிழர் சொன்னால் ஏற வேண்டும்.'

"மாடி!" என்று தோழி கத்தினாள். கன்னடத்தில் அதற்குச் 'செய்யுங்கள்' என்று பொருள். "பாருடி, உன் வீட்டையே புதிராப் போட்டுட்டாங்க!"

என் தோளில் கை போட்டுக்கொண்டுதான் நடந்தாள். ஒரு பேக்கரியின் மாடிப்படியில் விடை கிடைத்தது. இப்படியே சில புதிர்களைத் தாண்டினோம். பிறகு ஒன்றில் எல்லா அணிகளும் மாட்டிக்கொண்டன. 'நீலக் கோட்டுக்காரர் கை நீட்டி நிற்கிறார். விரல் எதைக் காட்டுகிறது?'

"ஹோட்டல் வாசல்ல சலாம் போடறவரா?" என்றார் மைசூர்க்காரர்.

"பேண்டு வாசிக்கிறவரா இருக்கும்" என்றாள் தோழி.

எனக்குப் படித்தவுடனே தெரிந்துவிட்டது. எங்கள் தெருமுனையில் நிற்கும் சிலை அது. "வாங்க" என்று சந்துகள் வழியாக அழைத்துப் போனேன். விரல் நேராகத் தண்ணீர்க் குழாயைக் காட்டியது. விடையை எழுதிக்கொண்டிருந்தபோது, குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்துவிட்டார்.

"ஜெய் பீம் பாப்பா! நாயித்துக்கெழம கூட ஆபீசா? இன்னா பேப்பரு கையில?"

"ஜெய் பீம் அக்கா. சும்மா, ஒரு போட்டி."

"காக்ஸ் டவுன்ல மாடி வூடாமே, உங்கம்மா சொல்லிச்சு. எங்களையெல்லாம் உள்ள வுடுவியா?"

"உங்களுக்குத்தான் அக்கா முதல் காபி" என்றேன். மைசூர்க்காரர் சிரித்தார். தோழி சிரிக்கவில்லை.

'ஜெய் பீம்' என்பது எங்கள் பக்கத்தில் காலை வணக்கம் சொல்வதுபோல எல்லோரும் சொல்லிக்கொள்வது. யோசித்துச் சொல்லவில்லை, ஒளித்தும் வைத்ததில்லை. வீடு எங்கே என்று கேட்டபோதெல்லாம் மர்பி டவுன் என்றே சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று அந்த இரண்டு சொல்லில் என் சாதி தோழிக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவள் புதிர்த் தாளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

மற்ற அணிகள் அந்தச் சிலையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் காக்ஸ் டவுன் பூங்காவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். எல்லாம் ஓய்ந்ததும் சாவி வாங்கப் போகலாமா என்று தோழியிடம் கேட்டேன்.

"நீ இங்கேயே இரு. நான் போய் அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள்.

பக்கத்துத் தெருதான். ஆனாலும் வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள்.

"மாடியில தண்ணி ஒழுகறதாம். இப்போதைக்கு யாருக்கும் விடறதா இல்லைங்கறார் அப்பா."

"நேத்துதானே ஆன்ட்டி வெள்ளையடிச்சு முடிச்சாச்சுன்னாங்க?"

தரையைப் பார்த்தாள். "நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"எதை?"

"சாப்பாடு ஆறிடும், வா" என்று கம்பெனி ஏற்பாடு செய்திருந்த பந்தலைப் பார்த்து நடந்தாள். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். மாடி ஒழுகுகிறதாம் என்றேன்.

"மழையே பெய்யலியே இன்னும்" என்றார் அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்தார். சமைப்பதற்கு வேண்டிய பாத்திரங்களை மட்டும் சாக்கிலிருந்து எடுத்தார்.

மறுநாள் ஆபீஸ் பலகையில் எங்கள் போட்டோவை ஒட்டியிருந்தார்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் அந்த மாடிக்குக் குடிவந்தாள். பால் காய்ச்சியதற்கு அவள் இனிப்பு கொடுத்தபோது நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். வீடு ஒழுகுகிறதா என்று மட்டும் கேட்டேன். "இல்லையே, புதுசா வெள்ளையடிச்ச வீடு" என்றாள் அந்தப் பெண். தோழி கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் கேட்காத கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று என்னிடம் எதிர்பார்த்தார்கள் என்பதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இப்போது வீடு பார்க்கப் போனால் வாசலிலேயே நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பல வீடுகள் அப்படியே கைவிட்டுப் போயின. கேட்ட பிறகும் சாவியைக் கொடுத்த ஒரு வீட்டில், விவேக் நகரில், அம்மாவும் நானும் வாடகைக்கு இருக்கிறோம். தோழியும் நானும் இன்னும் ஒரே ஆபீஸில்தான். வேலை விஷயம் மட்டும் பேசிக்கொள்கிறோம்.