சூப்பு பீரங்கி நோவாக்

கரண்டியைச் சூப்பின் நடுவே செங்குத்தாக நட்டுவிட்டு, கேர்னோட் நோவாக் கையை எடுத்துக்கொள்வார். கரண்டி சாய்ந்து பானை விளிம்பில் விழுந்தால் பட்டாணி இன்னும் வேக வேண்டும். சாயாமல் நின்றால் பரிமாறலாம். "அட்டென்ஷன்ல நிக்குது பாருங்கப்பா. உங்க எவனுக்கும் இப்படி நிக்க வராது," என்பார் எங்களைப் பார்த்து.

நாங்கள் என்றால் எங்கள் ஊர் சேமப்படையினர் சங்கம். இளவயதில் ராணுவத்தில் இருந்துவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி வருகிறோம் என்று பெயர் கொடுத்துவிட்டு வந்தவர்கள். இப்போது கூப்பிட்டால் முழங்காலைக் கேட்டுக்கொண்டுதான் கிளம்புவோம். நோவாக் எங்கள் சமையல்காரர். இரண்டு சக்கரமும் புகைபோக்கியும் வைத்த பச்சைச் சமையல் வண்டி ஒன்று, இங்கிருந்த படைமுகாமை மூடியபோது எங்களிடம் வந்து சேர்ந்தது. ஊரில் அதற்குச் சூப்பு பீரங்கி என்று பெயர். அவர் மட்டும் அதை "அம்மணி" என்பார். பீச் மரக்கட்டை தவிர வேறு விறகு வைத்தால் அம்மணிக்குக் கோபம் வந்துவிடுமாம். கடைசியில் மார்ஜோரம் இலையை உள்ளங்கையில் தேய்த்துத் தூவுவார். கொஞ்சம் வினிகர் விடுவார். தொத்திறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள, கிழக்கே தன் சொந்த ஊரிலிருந்து வாளியில் வரவழைக்கும் கடுகு விழுதைத்தான் வைப்பார். எங்கள் பக்கத்துக் கடுகு விழுது அவருக்குப் "பல்பசை".

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். நோவாக் இரண்டுக்கும் பிந்தியவர். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பானை மூடியைக் கவிழ்த்து அதில் கொஞ்சம் ஊற்றி, நின்றுகொண்டே குடிப்பார். படை விஷயம் சற்று நீளமானது.

அவர் இருந்தது வேறு படை. நாடு கிழக்கு, மேற்கு என்று இரண்டாகக் கிடந்த காலத்தில் எல்பே ஆற்றின் இந்தக் கரையில் நாங்கள். அந்தக் கரைக்குப் பின்னால் ஒரு படைப்பிரிவுக்கு அவர் சமைத்துக்கொண்டிருந்தார். எங்கள் தலைவர் ஹின்ரிக் ப்ராமர் அப்போது சார்ஜென்ட். எதிர்க்கரையின் பேச்சை ஒட்டுக்கேட்கும் கோபுரத்தில் காதுக்கருவியோடு உட்கார்ந்திருந்தவர். எல்லை திறந்தது. நோவாக் எங்கள் கரைப் பெண் விப்கேயைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கினார். சங்கத்தில் சேர வேண்டும் என்று நாங்கள் கூடும் விடுதியின் பின்னறைக்கு வந்து நின்றவரை ஹின்ரிக் மேலும் கீழும் பார்த்தார்.

"உன் குரலை எங்கியோ கேட்டிருக்கேன்யா. உப்பு வரலன்னு வயர்லெஸ்ல கத்தினது நீதானே?"

"உப்பு மட்டுமா, வெங்காயமும்தான் வரல. நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா உங்ககிட்டயே கேட்டிருப்பேன்."

அன்றே அவரைச் சேர்த்துக்கொண்டோம்.

அப்போதெல்லாம் மாதக் கூட்டத்துக்கு நாற்காலி போதாது. இலையுதிர் காலத்தில் காட்டு வழியாக நெடுநடை, குறிபார்த்துச் சுடும் போட்டி, பியர் உள்ளே போனதும் போன மாதம் சொன்ன அதே பொய்கள். வெள்ளம் வந்த கோடையில் ஆற்றங்கரை நெடுக மணல்மூட்டை அடுக்கினோம். தூரத்தில் அம்மணியின் புகை தெரிந்தால்தான் எங்களுக்கு உயிர் வரும். கட்டாய ராணுவப் பணியை நிறுத்தினார்கள். புது ஆட்கள் வருவதும் நின்றது. முகாம் இருந்த இடத்தில் இப்போது சூரிய மின்தகடுகள் வெயில் காய்கின்றன. நாங்கள் ஒரே மேசைக்குள் அடங்கிவிடுகிறோம். அந்தப் பின்னறை நெரிசலை நினைத்தால் எனக்கு இன்றும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அத்தனை காலத்திலும் நோவாக்குக்கு ஓர் இடம் மட்டும் கிடைக்கவில்லை. போரில் இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் ஞாயிற்றுக்கிழமையன்று, நினைவுக்கல் முன்னால் நாங்கள் சீருடையில் வரிசையாக நிற்போம். அவர் சாலைக்கு எதிர்ப்புறம், தீயணைப்பு நிலைய வாசலில் பீரங்கியோடு நிற்பார். அரசாங்கக் கணக்கில் அவர் அந்நியப் படையில் இருந்தவர். எங்கள் சீருடை அவருக்குக் கிடையாது. பின்னாளில் விதியைத் தளர்த்தினார்கள். ஆனாலும் நாங்கள் வா என்று கூப்பிடவில்லை, அவரும் வரட்டுமா என்று கேட்கவில்லை. "எனக்குச் சூப்பு இருக்குப்பா" என்று முடித்துவிடுவார். எக்காளம் ஊதும்போது மட்டும் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைப்பார். அந்த வரிசையில் நிற்க அவருக்கு எவ்வளவு ஆசை என்று ஊருக்கே தெரியும். "நவம்பர் பொறந்தா தவறாம முடி வெட்டிக்குவாரு. சூப்பு காய்ச்ச எதுக்குங்க கிராப்பு?" என்று விப்கே என்னிடம் ஒருமுறை சொன்னார்.

போன நவம்பரில், ஹின்ரிக்கோடு மலர்வளையம் தூக்கும் ஓனோ ஈர இலையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். மற்றவர்களில் ஒருவருக்குத் தோள் வலி, ஒருவருக்குத் தலைசுற்றல், எனக்கு முதுகு. ஹின்ரிக் நோவாக்கின் கொட்டகைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"ஞாயித்துக்கெழம வளையத்துக்கு இடப்பக்கம் நீ புடிக்கிற. அப்புறம் ஓனோ எடத்துல வந்து நிக்கிற."

நோவாக் விறகு பிளப்பதை நிறுத்தவில்லை. "சீருடை?"

"கருப்புக் கோட்டு போதும்."

"சூப்பு?"

"விப்கே பார்த்துக்குவா."

"அவ வினிகரைக் கொட்டிக் கெடுத்துடுவா." சொல்லிவிட்டுக் கோடாலியைக் கீழே வைத்தார். "எத்தன மணிக்கு வரணும்?"

மலர்வளையத்துக்குப் பதில் ஒரு பழைய கார் டயரைப் பிடித்து, கொட்டகை முற்றத்தில் பயிற்சி தொடங்கியது. ஹின்ரிக் "நட" என்று ஆணையிட்டதும் நோவாக்கின் முழங்கால் பூட்டிக்கொண்டது. கால் விறைப்பாக இடுப்பு உயரத்துக்கு எழும்பித் தரையில் அறைந்தது. அவருடைய படையின் அணிவகுப்பு நடை அது; தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். அந்த நடையைக் கண்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஆகாது. நாடு பிரிவதற்கும் முந்தைய சர்வாதிகாரப் போர்க்காலம் கண்முன் வந்துவிடும். செத்தவர்களின் கல்லுக்கு முன்னால் அப்படி ஒரு கால் எழுந்துவிட்டால், அவர் பிறகு வரிசைப் பக்கமே வர முடியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

"காலைக் கீழ போடுய்யா."

"நான் தூக்கல. அதுவா போவுது."

"பாதிரியாரு பார்த்தா மயங்கி விழுந்துடுவாரு."

மறுபடி நடந்தார்கள். மறுபடி கால் எழும்பியது. நோவாக் டயரைக் கீழே விட்டார். "எனக்கே பயமா இருக்கு, ஹின்ரிக். வேற ஆளைப் பாரு."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு காலம் காத்திருந்து, கைக்கு வந்த இடத்தைத் தன் காலே தட்டிவிடுகிறதே என்ற வருத்தம் அதில் அப்படியே தெரிந்தது. ஹின்ரிக் கொட்டகைக்குள் போய்ப் பெரிய சூப்புப் பானையை இழுத்து வந்து, குழாயைத் திறந்து விளிம்புவரை தண்ணீர் பிடித்தார்.

"இந்தக் காதை நீ புடி. நடன்னு சொல்ல மாட்டேன். பரிமாறப் போறோம், அவ்ளோதான்."

இருவரும் முற்றத்தைச் சுற்றி வந்தார்கள். நோவாக்கின் முழங்கால் தானாக இளகிக்கொடுத்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தூறல். மலர்வளையத்தின் இரு பக்கமும் இருவரும் பிடித்துக்கொண்டதும், ஹின்ரிக் உதடு அசையாமல், "சூடா இருக்கு, பார்த்து வா," என்றார். நான் வரிசையில் நின்றபடி நோவாக்கின் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்வரை சாதாரணமாக நடந்தார்கள். வளையத்தைச் சாய்த்து வைத்து, நாடாவை நீவிவிட்டு, தலை குனிந்து நின்றார்கள். பிறகு நோவாக் வந்து என் இடப்பக்கம், வரிசையின் கடைசியில், ஓனோவின் இடத்தில் நின்றார். எக்காளம் ஊதி முடியும்வரை அவர் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. தூறல் என்று சொல்லிக்கொண்டேன்.

"கலையலாம்," என்றார் ஹின்ரிக். அதற்காகவே காத்திருந்தவர்கள் போல் எல்லோரும் சாலையைக் கடந்து சூப்புக்குப் போனோம். எதிர்ப்புறத்திலிருந்து விப்கே கூப்பிட்டார்: "கேர்னோட், அடிப்பிடிச்ச வாடை வருது. சீக்கிரம் வாங்க."

நோவாக் காதில் விழாமல் இருந்திருக்காது. ஈரப்புல்லில் தனியாக நின்றுகொண்டிருந்தவர், வலப்பக்கம் தலையைத் திருப்பி, யாருமில்லாத அந்த வரிசையோடு நேராக நிற்கிறோமா என்று பார்த்து, முன்னால் போயிருந்த காலை ஒரு விரல் அகலம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.