இங்கிலாந்துக் கொடியும் எங்கள் தெருக் கொடியும்

இங்கிலாந்தில் மகள் குடியிருக்கும் தெருவில் ஏதோ தொற்றுநோய் என்றே முதலில் நம்பினேன். வீடியோ அழைப்பில் பார்த்தால் கம்பத்துக்குக் கம்பம் வெள்ளைத் துணி, அதில் ஆஸ்பத்திரிக் குறி போலச் சிவப்புச் சிலுவை.

“ஐயோ அப்பா, அது இங்கிலாந்துக் கொடி! இன்னைக்கு இவங்க நாட்டு நாள். தெருவே கொண்டாடுது, நானும் போறேன்.”

“வேண்டாம்மா, கதவைப் பூட்டிக்கோ!” என்று பதறி, மைசூரில் என் வீட்டுக் கதவைப் பூட்டினேன்.

போனுக்குள் கொடிகள் படபடத்தன. சின்ன வயதில் இதே ஊரின் விஜயநகர்ப் பகுதியில், கர்நாடக மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்சவக் காலையில் கேட்ட அதே சத்தம். தெரு முழுக்க மஞ்சள் சிவப்புக் காகிதக் கொடிகள், மைதாப் பசை வாசனை. காவிரித் தகராறு ஓயாத வருடம். அப்பா ஜன்னலைச் சாத்திவிட்டு, “யாரும் தமிழ்ல பேசக்கூடாது” என்று தமிழிலேயே அதட்டினார். நர்ஸான அம்மாவோ, கொடிக்குள் வைத்துக் கட்டச் சாமந்தி இதழ்களை முறத்தில் அள்ளிக்கொண்டார்.

“நம்ம தெருங்க. நாம போகாம யாரு போவா?”

எதிர்வீட்டு கௌரம்மா வாசலிலிருந்தே கூவினார்: “ஏனு சிஸ்டர், இஷ்டு லேட்டு? பன்னி, பன்னி!” என்ன இவ்வளவு லேட்டு, வாங்க வாங்க என்று கன்னடத்தில் அழைப்பு.

கொடி அவிழ்ந்தபோது அம்மா தலையிலும் பூ விழுந்தது.

“சரி, போ” என்றேன் மகளிடம். அவள் அதற்குள் தெருவில் இருந்தாள்.

மறுநாள் பேசினாள். கயிறிழுப்பில் அவளை முன்னால் நிறுத்தினார்களாம். அவள் பக்கம் தோற்றுவிட்டது. உள்ளங்கை எரிகிறதாம்.